ஈயத்தாளில் தடிப்புத் தெரியாது

1934 மார்ச் 6, செவ்வாய்
கம்பளை

காலை முழுக்கக் கடையில். இங்கிலீஷ் விலைப்பட்டியலை வாசித்துச் சொல்வது இப்போது என் வேலை. பள்ளிக்கூட மாஸ்டர் வேலையில் பென்ஷன் எடுத்து மகள் கைரியாவின் வீட்டோடு வந்துவிட்டதால், மருமகன் ஹாஷிமின் இரும்புக்கடைக்கு இவ்வளவாவது செய்ய வேண்டுமாம். "மாமாட வாய் சோத்துக்கு மட்டும் தொறந்தாக் காணுமா?" என்று ஆட்கள் முன்னால் சொல்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தின் தேயிலை ஸ்டோரில் மெஷின்களைப் பார்க்கும் பிற்றர் மூக்கையா வந்தான். மலை உச்சித் தொட்டியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் இறங்கி, கீழே டர்பைனைச் சுற்றினால்தான் தேயிலை மெஷின் ஓடும். அடிக்குழாய்களின் பிளாஞ்ச் துருவேறிப் போயிற்றாம். குழாயின் வாயைச் சுற்றியிருக்கும் தட்டுத்தான் பிளாஞ்ச். இரண்டு தட்டுகளை முகம் வைத்து போல்ட் போட்டு முறுக்குவார்கள். தோட்டத்து ஆட்கள் அளவு கொண்டுவரும் முறை அழகானது. தேயிலைப் பெட்டிக்குள் போடும் ஈயத்தாளைப் பழைய பிளாஞ்ச்சின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிடுவார்கள். வட்டமும் ஓட்டைகளும் அப்படியே பதிந்துவிடும். கடையில் அந்தத் தாளைப் புது பிளாஞ்ச்சின் மேல் வைத்துப் பார்த்து எடுத்துக்கொடுப்பார்கள்.

ஆனால் தாளில் தடிப்புத் தெரியாதே. இங்கிலீஷ் விலைப்பட்டியல் புத்தகத்தைப் பார்த்தேன். மெல்லிய வகைக்கும் தடித்த வகைக்கும் ஓட்டைகள் ஒன்றுதான். எது வேண்டும் என்பதை ஓட்டை சொல்லாது, மேலே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் சொல்லும். அவனுக்கு உதாரணம் சொன்னேன்: "பள்ளிக்கூடத்தில பொடியன்மார் ஒருத்தன்மேல ஒருத்தன் விழுந்து குவியிறாங்க. பாரம் ஆருக்கு?"

"அடியில கெடக்குறவனுக்குங்க. அது எப்பவும் நாங்கதானே" என்று சிரித்தான்.

அவன் சொன்ன உயரத்துக்கு மெல்லியது தாங்காது. அதோடு வால்வைச் சட்டென மூடினால், ஓடும் பஸ் பிரேக் போட்டதும் எல்லோரும் முன்னால் விழுவதுபோலத் தண்ணீர் முழுவதும் பிளாஞ்ச்சின் மேல் மோதும். தடித்தது கடையில் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். காத்திருக்கச் சொன்னேன். சரியென்று போனான்.

மார்ச் 9, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து, கபுறடியில் இறந்தவர்களுக்கு ஓதிவிட்டுக் கடைக்கு வர, மூக்கையா வந்து போய்விட்டான். ஹாஷிம் மெல்லியதையே கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

"ஓட்டை பொருந்துது. பொறகென்ன மாமா?"

"நான் அவனிட்டச் சொல்லியிருந்தேனே."

"அதத்தான் அவனும் கேட்டான். மாஸ்டர் திரும்ப புத்தகத்தப் பாத்தவரு, இதுவே காணுமெண்டு சொன்னவரு எண்டு சொன்னேன். ஒடனே எடுத்துக்கிட்டான். ஒங்கட பேருக்கு நல்ல மதிப்பு ஈக்கி."

ஸ்டோர் நின்றுபோய்க் கொழுந்து கெட்டுக்கொண்டிருக்கிறதாம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் செருப்பைக் கழற்றி அடித்தாராம் மூக்கையாவை. கன்னத்தில் வார் பதிந்திருந்ததை ஹாஷிம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறான்.

மார்ச் 10, சனி

தோட்டத்துக்குப் போய், மெல்லியதை மாட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ஹாஷிம் தலையை நிமிர்த்தவேயில்லை. "போங்க. போனா அங்கேயே ஒரு காம்பரா கேட்டுத் தங்கிக்கோங்க" என்றான். கைரியா குசினிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா, நான் இந்த ஊட்டுல வாழ வேணும்."

குடையை மூலையில் வைத்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

இன்றும் போகவில்லை.

மார்ச் 14, புதன்

வெடித்துவிட்டது.

நேற்றுக் காலை மூக்கையா வால்வை மூடியபோது அடி பிளாஞ்ச் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு அவன் முழங்காலில் – தண்ணீர் அவனைச் சுவரோடு சேர்த்து அடித்ததாம். லொறிக்காரன் வந்து சொன்னான். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

ஹாஷிம் கேட்ட முதல் கேள்வி: "உடைஞ்ச துண்டுல நம்மட கடைப் பேர் கிடக்கா?"

நாவலப்பிட்டிக்கு ரெயிலில் எவ்வளவு தூரம்? மகள் கையைப் பிடித்தாளாம், இவர் குடையை வைத்தாராம். என்ன மனிசன் நான்.

மார்ச் 17, சனி

கண்டிக்குப் போனேன். காலை எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்கு மேலே.

என்னைக் கண்டதும் எழும்பப் பார்க்கிறான், மரியாதைக்கு. "மாஸ்டர் சொன்னதுன்னாங்க. அதான் யோசிக்காம மாட்டினேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறான், அவ்வளவுதான். நான் சொல்லவேயில்லை என்றேன். "பரவால்லைங்க" என்றான். நம்பவில்லை.

பெண்சாதி ரத்தினம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவன் மயக்கத்தில் கிடக்கும்போதே தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டு எழுதிவிட்டார்களாம். வேலையும் இல்லை, லயத்தில் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. "போல்ட்ட ஒரு பக்கமாவே முறுக்கி ஒடைச்சுட்டான்னு டீ மேக்கரு எழுதிட்டாரு. இவரு எதிரெதிரா மாத்தி மாத்தித்தாங்க முறுக்குவாரு. ஒரு வார்த்த தொரைகிட்டச் சொல்லுங்க. காம்பராவ மட்டும் விட்டாப் போதும்."

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20, செவ்வாய்

தோட்டத்துக்குப் போனேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை.

பங்களா வாசலில் வெயிலில் நிற்கவிட்டார்கள். பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கம் வந்து விஷயத்தைக் கேட்டு, "மருமகனையே காட்டிக் குடுக்க வந்த மாமனாரை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டார்.

துரை முழுவதையும் கேட்டார். மெல்லியது, தடித்தது, உயரம், வால்வு – ஒன்றும் விடாமல் சொன்னேன். கடையில் நடந்ததையும் சொன்னேன். காகிதம் தந்து படம் வரையச் சொன்னார். நல்ல மாணவன்போலக் குனிந்து பார்த்து இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்படியென்றால் மூக்கையாவின் மேல் பிழையில்லை" என்றேன்.

"இல்லைதான்" என்றார் துரை. "ஆனால் ஒற்றைக் கால் பிற்றரை வைத்து நான் என்ன செய்ய?"

"காம்பராவையாவது—"

"காம்பரா வேலை செய்கிறவனுக்கு."

கடைக்காரனை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். சுந்தரலிங்கம்தான் பதில் சொன்னார்: "விக்கிறவன் விப்பான் மாஸ்டர். வாங்கினவனுக்குப் புத்தி எங்க போச்சு?"

துரை எழுந்து எனக்குக் கை கொடுத்தார். நான் வரைந்த படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மார்ச் 23, வெள்ளி

வீட்டை விட்டுப் போகச் சொல்வான் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். ஹாஷிம் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அந்தத் தோட்டத்து அடிக்குழாய் முழுவதற்கும் தடித்த பிளாஞ்ச் நம் கடையிலேயே எடுக்கிறார்களாம். துரை பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லியிருக்கிறார் – கம்பளையில் ஒரு வயதான மாஸ்டர் இருக்கிறார், அவரைக் கேட்டு வாங்குங்கள் என்று.

"நீங்க போனது எவ்வளவு நல்லதாப் போச்சு மாமா. நானெண்டா போக வாணாமெண்டு தடுத்தேன். பைத்தியக்காரன் நான்."

இரவுச் சாப்பாட்டில் மீன் தலை என் பீங்கானுக்கு வந்தது. கைரியாவின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு காலம். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அவர்கள் இல்லை. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மே 5, சனி

கடை முன்பக்கத்தில் எனக்குப் புதுக் கதிரை போட்டிருக்கிறான். யாராவது ஈயத்தாளைக் கொண்டுவந்தால், "மொதல்ல மாஸ்டருக்கிட்டக் காட்டுங்க" என்கிறான், குரலில் அவ்வளவு பணிவு.

இன்று அந்தத் தோட்டத்தின் புதுப் பிற்றர் வந்தான். அழகையா என்று பேர், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தானாம். மூக்கையாவைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியாதுங்க. அவரு இருந்த காம்பராவத்தான் எங்களுக்குக் குடுத்தாங்க. நல்ல காம்பராங்க, ஒழுகல."

தண்ணீரின் உயரத்தைப் பற்றியும் தடிப்பைப் பற்றியும் போல்ட்டை எதிரெதிராக முறுக்குவது பற்றியும் விளக்கமாகச் சொன்னேன். அடியில் கிடக்கும் பொடியனின் உதாரணத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். நன்றாக விளங்கிக்கொண்டான்.