உயிர்ச்சேதம் இல்லை

மார்ச் 3

அன்புள்ள இன்ஜினியர் சாருக்கு,

போனை நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே கடிதம். சொல்ல வேண்டியவை மூன்று:

1. நீங்கள் வராத வகுப்பு எப்படி இருக்கிறது.
2. பேராசிரியர் என்ன சொன்னார்.
3. உங்கள் வாக்கியத்தை நான் அடித்தது ஏன் சரி.

முதலாவது: கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி வயதுப் பிள்ளைகள், "அடிக்குறிப்புத் தாத்தா, உங்க ஜோடி எங்க?" என்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு பி.ஏ. வரலாறு படிக்கலாம் என்று என்னை இழுத்து வந்தவர் நீங்கள். நீங்கள் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே கூசுகிறது.

இரண்டாவது: நம் ஊரின் அந்தப் பழைய வெள்ளத்தைப் பற்றிய ஆய்வேட்டை இருவர் கையெழுத்தோடு மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் இருவருக்கும் பட்டம் இல்லை. "பெரியவங்க நீங்களே முறுக்கிக்கிட்டா எப்படி?" என்றார்.

மூன்றாவது: கரை உடைந்த அன்று ஒரு சிறுமி அடித்துச் செல்லப்பட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அடிக்குறிப்பு இல்லை. செய்தித்தாளும் அரசு அறிக்கையும் "உயிர்ச்சேதம் இல்லை" என்கின்றன. நான் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன். ஆதாரமில்லாததை அடித்துத்தான் பழக்கம். நினைவு ஆதாரமாகாது. இதற்கா இவ்வளவு கோபம்?

தங்கள்,
எழுத்தர்

மார்ச் 10

எழுத்தர் ஐயா,

மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். திரும்பும் எண்ணமில்லை.

அந்தச் சிறுமி என் அக்கா. என் பள்ளிக்கூடப் பையை எடுக்க வீட்டுக்குள் திரும்பிப் போனாள். அழுது அனுப்பியவன் நான். பிறகு கரை கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டேன். கிழவனானதும் வரலாறு படிக்க வந்தது அந்த ஒரு வரியை எழுதத்தான். நீங்கள் சிவப்புப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் "யார் சொன்னது?" என்று எழுதினீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் ஐயா. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

இன்ஜினியர்

மார்ச் 26

அன்புள்ள நண்பருக்கு,

இடையில் எழுதிய எதற்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்றே தோன்றுகிறது. வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

தினமும் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பள்ளிப் பதிவுகள், ஆஸ்பத்திரிப் பதிவுகள் எல்லாமே அதே வெள்ளத்தில் போய்விட்டன. அங்கே கோப்புக் கட்டு எடுத்துக் கொடுக்கும் அம்மா சலித்துக்கொண்டார்: "அந்த வருஷத்துல அப்படி என்னதான் சார் தேடுறீங்க?"

"ஒருத்தரோட அக்காவை" என்றேன். அடுத்த கட்டை அவரே எடுத்து வந்து பிரித்தார்.

எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உங்கள் முகத்தில் விழிக்க ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

மாத முடிவுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. உங்கள் வாக்கியத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். அடிக்குறிப்பு: "சொன்னவர்: அவளுடைய தம்பி, நேரில் பார்த்தவர்." அவள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை நான் நிரப்ப முடியாது. நீங்கள் வராவிட்டால் ஏடு என் மேசையிலேயே இருக்கும், பட்டம் போகட்டும்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாகச் சொன்னது தவறு.

எழுத்தர்