மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில்

மார்ச் 3

வந்துவிட்டது! நகரத்தின் அடுத்த இருபது வருடத் திட்டத்துக்கான வரைவு வரைபடம். மாநகராட்சி இணையதளம் படுத்துப் படுத்து எழுந்தது, நான் விடவில்லை. டவுன்லோட் செய்து பார்த்தால் எங்கள் தெரு மஞ்சள். மஞ்சள் என்றால் ஒரு மனைக்கு ஒரே வீடு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகிற தெருவுக்கு மஞ்சளா? ஆரஞ்சு பூசியிருந்தால் அதே மனையில் நாலு மாடி கட்டலாம், எட்டுக் குடும்பம் இருக்கலாம்.

அப்பா: "மேயரம்மா, ஊருக்குப் பெயின்ட் அடிச்சது போதும், சாப்பிட வா."

மார்ச் 5

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். பிரசவ லீவு முடியப் போகிறது. பகலில் குழந்தையை அம்மாவிடம் விட இந்தப் பக்கமே வீடு தேடுகிறாள். ஒன்றுகூடக் காலி இல்லை. "கிடைக்கலன்னா வேலைய விட்டுட வேண்டியதுதான்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

எதிர்வீட்டு ஆன்ட்டி அவ்வளவு பெரிய மனையில் தனியாக இருக்கிறார். சும்மா எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8

தெரு முழுக்க ஆரஞ்சானால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரில் வரைந்தேவிட்டேன். வரிசையாக நாலு மாடி, பால்கனியில் செடி, நடுரோட்டில் தூங்கும் நம்ம ஒற்றைக்காது நாய் உட்பட. "என் கற்பனை" என்று எழுதித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ரெண்டு லைக். ஒன்று அப்பாவுடையது.

மார்ச் 9

போச்சு. யாரோ படத்தை மட்டும் எடுத்து, "நம்ம வீட்டையெல்லாம் இடிக்கப் போறாங்க" என்று பரப்பிவிட்டார்கள். ஆன்ட்டி வாசலில் நின்று, "யாரைக் கேட்டு என் வீட்டை இடிச்சானுங்க?" என்கிறார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

விளக்கம் போட்டேன். யார் படிக்கிறா? வதந்தி பைக்ல போகுது, விளக்கம் நொண்டிக்கிட்டு வருது.

மார்ச் 14

வரைவு பற்றி மாநகராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டம். மொத்தத் தெருவும் வந்திருந்தது. ஆன்ட்டி கையில் என் படம், போஸ்டர் சைஸில். (பிரிண்ட் அருமை.) திட்ட அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது எங்க படம் இல்லம்மா. உங்க தெருவுல நாங்க எதையுமே மாத்தல."

ஆன்ட்டி படத்தை உற்றுப் பார்த்தார். "இந்த நாய் நம்ம நாயில்ல?" மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

எழுந்தேன். மனப்பாடம் செய்த புள்ளிவிவரமெல்லாம் காலி. "அக்காவுக்கு வீடு கிடைக்கல. அதான் வரைஞ்சேன்."

"வரை, வேண்டாங்கல. சுத்தி நாலு மாடி நின்னா என் கொடியில துணி எப்படிடி காயும்?"

ஊரையே வரைந்தேனே, வெயிலை வரைந்தேனா?

மார்ச் 15

சாஃப்ட்வேரில் சூரியனை ஓடவிட்டேன். நாலு மாடி என்றால் கொடி நாள் முழுக்க நிழலில். ஆன்ட்டி சொன்னது சரி. கடுப்பா இருக்கு.

மூன்று மாடி, மேல்மாடியைப் பின்னால் தள்ளினால் — மதியம் ஒரு மணி வரை வெயில்!

மார்ச் 16

போனோடு எதிர்வீட்டுக்குப் போனேன். நிழல் நகர்வதை ஆன்ட்டி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"போர்வை காயுமா?"

"காயும் ஆன்ட்டி."

"என் வீட்டை இடிக்கலையே?"

"இல்ல. மேல ஒரு வீடு மட்டும்."

"அதுல யாரு இருக்கா?"

"...அக்கா."

ஆன்ட்டி நிழலை இன்னொரு முறை ஓட்டினார். "குழந்தை ராத்திரில அழுமா?"

"அழும்."

"எனக்குக் காது மந்தம்தான்."

மார்ச் 20

மூன்று மாடி கேட்டுத் தெரு சார்பில் மனு கொடுத்தாயிற்று. முதல் கையெழுத்து ஆன்ட்டி.

ஆகஸ்ட் 2

இறுதி வரைபடம். எங்கள் தெரு மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. நடுவில், மூன்று மாடிக்கென்று புதிதாக ஒரு நிறம். பப்பாளி என்கிறார் அப்பா.

அடுத்த வருடம், மே 11

எதிர்வீட்டு மாடியில் இன்னும் பெயின்ட் வாசம். கீழே கொடியில் ஆன்ட்டியின் போர்வை, பக்கத்தில் சின்னச் சின்னச் சட்டைகள்.

ஆன்ட்டி வாசலிலிருந்து கூப்பிட்டார். "மேயரே, ஒரு மணிக்குத்தான் நிழல் வரும்னே. பன்னெண்டே முக்காலுக்கே வந்துடுச்சு. கணக்கைப் பாரு."

பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை எங்கள் அம்மா மடியில் தூங்குகிறது. அக்கா ஆபீஸிலிருந்து வர இன்னும் நேரமிருக்கிறது.