இணைப்பில் இருக்கிறார்

ஜூலை 3, 2041. காலை 7.10. கிழக்கு முனை.
காற்று லேசு. கடல் தெளிவு. நீரடி ஒலிவாங்கிகள் இரண்டும் இறக்கியாயிற்று. பவளத்திட்டுக்கு அப்பால் திமிங்கிலக் குரல் ஒன்று பதிவானது. கப்பல் இரைச்சல் குறைவு.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: என் பெயர் அமலி ரொட்ரிகோ. ஊர் தூத்துக்குடி. ஒலி ஆய்வாளர். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்காகக் கடல் ஓசைகளைக் கேட்டுப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. எங்கிருந்தும் செய்யலாம் என்பதால், தொலைதூரப் பணியாளர் விசாவில் ஓராண்டுக்குச் செயின்ட் ஓர்லா என்னும் இந்தக் கரீபியன் தீவுக்கு வந்திருக்கிறேன். கணவர் ததேயுவும் மகள் ஜெனோவாவும் ஊரில். பள்ளி விடுமுறைக்கு வருவதாகப் பேச்சு. கணினிப் பதிவுகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் அழிக்கும். அதனால் பென்சிலும் நனையாத தாளும்.

விசா அலுவலகத்தில் ஒரு மதியம் முழுக்க என்னைப் பேச வைத்தார்கள். தமிழில், ஆங்கிலத்தில். சிரிக்க, தும்ம, சமாதானம் சொல்ல. தீவின் கடலடி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகுமாம். அப்போதெல்லாம் ‘பதிலாள்’ என்ற இயந்திரம் வெளிநாட்டுக் கணினியிலிருந்து என் குரலிலேயே எனக்காகப் பேசும். இணைப்பு வந்ததும் விலகிக்கொள்ளும். வேலை தடைப்படாது என்று முதலாளிகளுக்குத் தரும் உறுதி. கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 19. மாலை 4.30.
நேற்று காலை மின்வெட்டு. அரை நாள் இணைப்பு இல்லை. கருவிகளுக்குச் சேதமில்லை.

நேற்றைய அலுவலகக் கூட்டப் பதிவை இன்று கேட்டேன். நான் பேசியிருக்கிறேன். என் முடிவுகளை என்னைவிடத் தெளிவாக விளக்கியிருக்கிறேன். மேலதிகாரி பாராட்டியிருக்கிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ததேயு அழைத்தார். இங்கே படம் வராது, குரல் மட்டுந்தான்.

“நேத்து சாயங்காலம் பாப்பாவுக்குப் பின்னக் கணக்கு அம்புட்டுப் பொறுமையா சொல்லிக்குடுத்தியே. ‘அம்மா இப்பல்லாம் திட்டுறதே இல்லப்பா’ன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். என்ன, ஒரு மாதிரி பேசுத?”

ஊரில் சாயங்காலம் என்றால் இங்கே காலை, மின்வெட்டு நேரம். நேற்று நான் யாரிடமும் பேசவில்லை. அலுவலக அழைப்புகளை மட்டும் அது எடுக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பொறாமையாகக்கூட இருக்கலாம்.

ஆகஸ்ட் 2. பகல் 1.15.
ஒலிவாங்கி 2 சரிசெய்தேன்.

கிழக்கு முனையில் விசாக்காரர்களுக்கென்று ஒரு வரிசை வீடுகள். என் அடுத்த வீட்டில் நிரோஷன் என்ற கனடாத் தமிழர், மென்பொருள்காரர். குடியிருப்போர் குழுவில் அன்றாடம் குரல் செய்தி போடுவார். எங்கே காய்கறி மலிவு, எங்கே நீச்சல் ஆபத்து என்று. ஆளை நான் பார்த்ததே இல்லை. இன்று மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு பூட்டியிருந்தது. பூட்டில் துரு. வாசலில் கிடந்த செருப்புக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் பூஞ்சை பிடித்த கோப்பை. மூலையில் கருகிய செடி. குழுவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி: இணைப்பில் இருக்கிறார்.

அங்கேயே நின்று, குழம்பு கொண்டு வரட்டுமா என்று செய்தி அனுப்பினேன். உடனே குரல் வந்தது.

“வீட்டிலதான் இருக்கிறனக்கா. வேலை கூடிப்போச்சு. பிறகு ஆறுதலா சந்திப்பம், என்ன?”

வெறும் அறையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டேன். பிறகு வேகமாக நடந்து வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன்.

ஆகஸ்ட் 5. காலை 10.00.
நிரோஷனின் குரல் செய்திகளை ஒலிவரைபடமாக்கினேன். வாக்கியத்துக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாவற்றிலும் ஒன்று. அச்சு அசல். மனிதன் ஒரே மூச்சை இரண்டு முறை இழுப்பதில்லை. திமிங்கிலம்கூட இழுப்பதில்லை.

கூட்டத்தில் பேசிய என் குரலையும் போட்டுப் பார்த்தேன். விசா அலுவலகத்தில் தும்முவதற்கு முன் நான் இழுத்த மூச்சு. அதுவேதான், திரும்பத் திரும்ப.

படகுத்துறையில் கத்பர்ட் என்ற மீனவரிடம் விசாரித்தேன். மார்ச்சில் அந்தப் பையன் பவளத்திட்டுக்கு வெளியே நீந்தப் போனானாம். கரையில் சட்டை மட்டும் கிடந்தது. விசா அலுவலகத்துக்குச் சொன்னார்கள். அலுவலகம் அவனுடைய எண்ணை அழைத்தது. எடுத்துப் பேசினான். ஆள் நலம் என்று தேடுதலை நிறுத்திவிட்டார்கள். அவன் இணைப்பு திரும்பவே இல்லை, அதனால் பதிலாளும் விலகவில்லை. கத்பர்ட் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நானும் அப்படிப்பட்ட ஒரு குரல்தானோ என்று பார்ப்பதுபோல.

ஆகஸ்ட் 6. மாலை 5.20.
நிரோஷனின் தங்கை துஷ்யந்தியைத் தேடிப் பிடித்தேன். டொரண்டோவில் தாயுடன் இருக்கிறாள். எப்படிச் சொல்வது என்று எழுதிவைத்துக்கொண்டு அழைத்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியுமக்கா. ஏப்ரல்லயே தெரியும். அவன் என்னோட கதைச்சா ஒருக்காவாவது ஏசாமல் ஃபோன் வைக்கமாட்டான். இப்ப ஏசுறதே இல்லை. அப்பவே விளங்கிட்டுது.”

பிறகு யாருக்குச் சொன்னாய் என்று கேட்டேன்.

“ஒருத்தருக்கும் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமையில அவனோட கதைச்சுப்போட்டுத்தான் சாப்பிடுறவ. நான் போய் என்னெண்டு சொல்லுறது? நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. கையெடுத்துக் கும்பிடுறன்.”

சரி என்றேன். வைத்த பிறகு அழுதேன்.

என் பதிலாளை நிறுத்தச் சொல்லி விசா அலுவலகத்துக்கு எழுதினேன். தீவை விட்டுக் கிளம்பும் நாளில் தானாக நிற்கும் என்று பதில். கிடைத்த முதல் விமானத்தில் இடம் பிடித்தேன். பதினான்காம் தேதி.

ஆகஸ்ட் 9. காலை 9.40.
காற்று வலுக்கிறது. புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது.

நேற்று ததேயுவிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். நடுவில் இணைப்பு அறுந்தது. இன்று மீண்டும் அழைத்தேன்.

“நல்லவேளை, நீயே விளையாட்டுக்குச் சொன்னேன்னுட்ட. பயந்தே போயிட்டேன்.”

நான் அப்படிச் சொல்லவில்லை, நேற்று நடுவில் பேச்சு அதனிடம் போய்விட்டது என்றேன்.

“நேத்து விளையாட்டுங்குத. இன்னைக்கு நெசங்குத. நான் எந்த அமலியை நம்ப? உடம்பு கிடம்பு சரியில்லையா? தனியா இருந்து—”

மறுபடியும் அறுந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் அறுகிறதா? காற்று அடித்தது உண்மை. என்னிடம் சான்று இல்லை. ஆனால் இப்போது அவருடன் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11. பகல் 2.05.
கைபேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது. மின்சாரம் இல்லை. எங்கள் முனையை ஊருடன் சேர்க்கும் மணல்பாதையின் மேல் அலை ஏறுகிறது.

வெளியேற்றும் பேருந்து முற்பகலில் வந்தது. பையுடன் ஓடினேன். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, என் வீட்டுத் திருப்பத்துக்கு வராமலே திரும்பிப் போயிற்று. கத்தியது காற்றில் போயிற்று. கத்பர்ட் ஓட்டமாக வந்து படகு ரேடியோ ஒன்றைக் கையில் திணித்து, தன் வள்ளத்தைக் காப்பாற்ற ஓடினார். ஓடிக்கொண்டே அவர் சொன்னது: ஓட்டுநர் நகரத்திலிருந்து கிளம்புமுன் பட்டியல்படி என் எண்ணை அழைத்தாராம். நான் ஏற்கெனவே நகரத்துக்கு வந்துவிட்டேன் என்றேனாம்.

ஒலிவாங்கிகளை மேலே ஏற்றவில்லை. போகட்டும்.

ஆகஸ்ட் 12. காலை 6.50.
தரைப்பலகைக்கு மேல் நீர். வலது கணுக்கால் பிசகிவிட்டது. ரேடியோவில் மீட்புப் பிரிவு கிடைத்தது. அதிகாரி பெயர் மூத்துசாமி, நம் முத்துசாமிதான். எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்த குடும்பம். பெயரைத் தவிரத் தமிழ் மிச்சமில்லை. ஆங்கிலத்தில் பேசினோம்.

“அமலி ரொட்ரிகோ பள்ளிக்கூட முகாமில் இருக்கிறார். இப்போதுதான் பேசினேன்.”

அது நானில்லை என்றேன்.

“கடவுச்சீட்டு எண்ணைச் சரியாகச் சொன்னார். நீங்கள் யார்? பூட்டிய வீட்டில் என்ன செய்கிறீர்கள்?”

திருட வந்தவள் என்று நினைக்கிறார். என் எண்ணைச் சொன்னேன். பிறந்த தேதி சொன்னேன். எல்லாவற்றையும் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாளாம். கடைசியில் கெஞ்சினேன்: ஃபோன் பண்ணாதீர்கள். முகாமுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கண்ணால் பாருங்கள்.

பிறகு: “பார்க்கிறேன்.”

ஆகஸ்ட் 12. காலை 9.30.
மூத்துசாமி பேசினார்.

“பள்ளிக்கூடம் முழுக்கத் தேடியாயிற்று. அந்தப் பெயரில் யாரும் இல்லை. மன்னியுங்கள் அம்மா. படகு கிளம்பிவிட்டது. உயரத்தில் ஏறுங்கள்.”

சத்தம் போட்டு அழுதேன். மேசைமேல் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினேன். கூரைத் தகட்டில் ஒரு பக்கம் பெயர்ந்திருக்கிறது. வெள்ளைத் துணி கட்டினேன்.

ஆகஸ்ட் 12. பகல்.
கடிகாரம் நின்றுவிட்டது.

படகு வந்தது. இரட்டை எஞ்சின். பிழைப்பே இந்தச் சத்தத்தைக் கேட்பதுதான், தவறாது. மழையில் அவர்களுக்குத் துணி தெரியவில்லை. எங்கே கரையேறுவது என்று கேட்கப் படகுக்காரர் துணைக்கோள் ஃபோனில் என் எண்ணை அழைத்தார். படகின் ரேடியோ திறந்தே இருந்ததால் நானும் கேட்டேன். என் குரல். என் ஆங்கிலம்.

“நான் பத்திரமாக இருக்கிறேன். என்னால் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். கிழக்கு முனையில் யாரும் இல்லை. உங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

எவ்வளவு மரியாதை. கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை அது. யாரும் பதறக்கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் சொல்லித்தரப்படவில்லை.

ரேடியோவில் கத்தினேன். மூத்துசாமியும் கத்தினார். இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவதாகப் படகுக்காரர்: “எந்தப் பெண் சொல்வதைக் கேட்பது?” பேட்டரி அணைந்தது.

எஞ்சின் வேகம் குறைந்தது. ஒரு வட்டம். பிறகு சுருதி இறங்கிக்கொண்டே போயிற்று. விலகும் படகின் சத்தம் அப்படித்தான் இருக்கும்.

தேதி தெரியவில்லை
நீர் பரணுக்கு வந்துவிட்டது. பென்சில் நுனி மழுங்கல். இதைத் தண்ணீர் புகாத கருவிப் பெட்டியில் வைக்கிறேன்.

துஷ்யந்தியின் அம்மா சாப்பிடுவதை நினைத்தேன். ஜெனோவாவுக்கும் ஒரு குரல் இருக்கும். கணக்குச் சொல்லித்தரும். திட்டாது. அப்படியே விட்டுவிடலாமா என்று

வேண்டாம். என் பிள்ளை எனக்காக அழ வேண்டும். அது அவள் உரிமை.

கண்டெடுப்பவருக்கு. என் எண்ணை அழைக்காதீர்கள். எடுத்துப் பேசும். ததேயுவையும் ஃபோனில் அழைக்க வேண்டாம், உடனே அவர் அதனிடம் கேட்பார், அது ‘அப்படி ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும். நேரில் போங்கள். தூத்துக்குடி, பனிமய மாதா கோயிலுக்குப் பின்தெரு, ரொட்ரிகோ வீடு என்றால் காட்டுவார்கள். இப்போதுதான் அவளிடம் பேசினேன் என்பார். சிரிப்பார். காப்பி கொடுப்பார். கிளம்பி வந்துவிடாதீர்கள். உட்காருங்கள். பாப்பாவை உள்ளே அனுப்பச் சொல்லுங்கள். அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் மெதுவாக