எதிர் பால்கனிக்குத் தெரியும் மோதிரம்

குவைத்தில் கோபமாக இருக்கும் என் மகனுக்கு,

ஷுக்ரியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றதும், "இந்த வயசுல மோதிரம் வேறயா? போட்டாலும் மெல்லிசா, யார் கண்ணுலயும் படாம போடும்மா" என்றாய்.

இன்று கெய்ரோ நகைக்கடைத் தெருவுக்குப் போனேன். மின்சார ரசீதின் பின்புறம் நானே வரைந்ததை நகைக்காரர் வக்தியிடம் கொடுத்தேன். அகலமான பட்டை, ஓரம் முழுக்க அலை.

"அழகா இருக்கு. பொண்ணு எங்க? விரல் அளவு எடுக்கணுமே."

கையை நீட்டினேன். முப்பது வருடம் மோதிரம் போட்ட பழக்கம், இடது கைதான் முன்னால் போனது.

மனிதர் ஒரு கணம்தான் விழித்தார். "கல்யாணம் ஆகுற வரைக்கும் வலது கைதான், அப்புறம்தான் இடது, மணப்பொண்ணே!"

முகம் சிவந்ததை மறைக்கவில்லை. வலது கையை நீட்டி, "இன்னும் அகலமா வைங்க. எதிர் பால்கனியில என் நாத்தனார் இருக்கா, அவளுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றேன்.

உன் அப்பா போட்ட மோதிரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஒன்பது வருடம் அழுதாயிற்று. அதற்கு நீ சாட்சி.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். என் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். நீ வராவிட்டால் அதில் என் கைப்பையை வைத்துக்கொள்வேன்.

உன் அம்மா,
மணப்பெண்