ஒரு ரூபாய் பாலம்

இன்று காலை எங்கள் தெருவுக்குச் சாலை போட வந்தவர்கள் தார் காய்ச்சினார்கள். ஜன்னலைச் சாத்தச் சொல்லி இளைய மகள் உள்ளேயிருந்து கத்தினாள். நான் சாத்தவில்லை. அந்தக் காலத்தில் பங்குனி பிறந்தால் உன் சட்டை, சைக்கிள், சோற்று டப்பா எல்லாமே இப்படித்தான் நாறும். மாப்பிள்ளை அத்தர் பூசிக்கொண்டு வந்துவிட்டார் என்று உன்னைக் கேலி செய்வேன். நீ போய் நாற்பது நாளாகிறது. காரியத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், உன் மனைவியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அதனால் உனக்கு எழுதுகிறேன். கோழைக்குக் கடிதம்தான் வசதி.

எழுபதுகளின் கடைசி. மலையடிவாரத்து ஒன்றிய அலுவலகத்தில் நீ ஓவர்சியர், நான் சொத்துப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. ஜவ்வாது மலையில் ஒன்றியத்துக்கு இருந்த கிணறு, பள்ளிக்கூடம், பாலம் ஒவ்வொன்றுக்கும் வருஷா வருஷம் மதிப்புப் போடுவது என் வேலை. நாற்காலியை விட்டு எழாமலே மலையை அளந்தவன் நான். போன வருஷத் தொகையில் தேய்மானத்தைக் கழித்து மிச்சத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். விதிப்படி ஒரு பொருளின் ஆயுசு முடிந்தால், பதிவேட்டில் பெயர் நிற்பதற்காக ஒரு ரூபாய் என்று போட்டுவைப்போம். அந்த ஒரு ரூபாயை எழுதும்போது யாரும் மலையேறிப் பார்ப்பதில்லை.

நீ பார்ப்பாய். ஓடையின் மேலிருந்த மரப்பாலத்தில் முழங்காலிட்டு ஒவ்வொரு பலகையையும் தடியால் தட்டிக் கேட்பாய். மலைமேல் ஊர்க்காரர்கள் சாமையும் புளியும் சுமந்து ஒடுகத்தூர்ச் சந்தைக்கு இறங்க அது ஒன்றுதான் வழி. அந்த வருஷம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்தாய். மரம் கெட்டியாக இருக்கிறது, ஆண்டுதோறும் தார் பூசினால் இன்னும் பத்து வருஷம் தாங்கும், மதிப்பைக் குறைக்க வேண்டாம்.

விதிப்படி அந்தப் பாலத்தின் ஆயுசு முடிந்திருந்தது. உன் பேச்சைக் கேட்டால் தணிக்கையில் ஆட்சேபம் வரும், கையெட்டும் தூரத்தில் இருந்த பதவி உயர்வு போய்விடும் என்று பயந்தேன். சீட்டைக் கோப்புக்கு அடியில் தள்ளிவிட்டு, அழகான எழுத்தில் ரூபாய் ஒன்று என்று எழுதினேன்.

பராமரிப்புப் பணத்தை அந்த மதிப்பைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். அடுத்த பங்குனியில் பாலத்துக்குத் தார் வரவில்லை. நீ என் மேஜை முன்னால் வந்து நின்றாய்.

"இன்னாப்பா இது? உசுரோட நிக்கிறதுக்குக் கருமாதி பண்ணி வெச்சிருக்க."

அடுத்த வருஷம் சரிசெய்துவிடலாம் என்றேன். செய்யவில்லை. நீ மேலே இரண்டு முறை எழுதினாய். ஒரு ரூபாய்ப் பொருளுக்குச் செலவழிக்க வழியில்லை என்று பதில் வந்தது. கடைசியில் உன் கைக்காசைப் போட்டு ஒரு டின் தார் வாங்கிப்போனாய். அது பாதிப் பாலத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது ஐப்பசியில் மறுபாதி உடைந்தது. சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த ஒரு பெண் ஓடையோடு போனாள். பத்தடி பின்னால் அவள் புருஷன் வந்துகொண்டிருந்தார். உடல் மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

விசாரணைக்கு முதல் நாள் உன் சீட்டைத் தேடியெடுத்துக் கிழித்தேன். மதிப்பை யார் குறைத்தது என்று அதிகாரி கேட்டபோது நான் பதிவேட்டைப் புரட்டினேன். நீ எழுந்தாய்.

"நான்தான் சார். மரம் உளுத்துப்போச்சுன்னு நான்தான் சொன்னேன்."

உளுத்தது தெரிந்தும் வழியை அடைக்காமல் விட்டதாக உன் தலையில் எழுதினார்கள். தற்காலிகப் பணிநீக்கம், சம்பள வெட்டு, பிறகு முன்பின் தெரியாத ஊருக்கு மாற்றல். பஸ் ஏற்ற வந்த என்னிடம், "வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்குது ஒனக்கு. போய் வேலயப் பாரு" என்றாய். போய் வேலையைப் பார்த்தேன். பதவி உயர்வும் வந்தது. என் மகள்களின் கல்யாணச் சாப்பாட்டில் உன் சம்பளமும் இருந்தது என்பது எனக்குத் தெரியும், நண்பா.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருக்கிறது.

நீ போன மறுவாரம், இறந்தவளின் புருஷன் அலுவலகத்துக்கு வந்தார். பதிவேட்டில் உடைந்த பாலத்தின் பெயருக்கு எதிரே, ஒன்றியத்துக்கு நட்டம் ரூபாய் ஒன்று என்று நான் எழுதியிருந்ததைப் பியூன் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டான். அவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்டார்.

"வருசா வருசம் வந்து பாப்பாரே, அந்த சாரு. பாலம் உளுத்துப்போச்சுன்னு அவருக்குத் தெரியுமாங்க? தெரிஞ்சுமா எங்கள நடக்க வுட்டாரு?"

அறையில் வேறு யாரும் இல்லை. அதிகாரி இல்லை, விசாரணை இல்லை. உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது; அவர் சொல்லை யார் கேட்கப்போகிறார்கள்? இருந்தும் ஆமாம் என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். அங்கே அவருடைய பிள்ளைகளிடம் உன்னை என்னவென்று சொல்லி வளர்த்திருப்பார்கள் என்று நினைக்காத நாளில்லை. என் வேலையைக் காப்பாற்ற நீ ஒருமுறை பொய் சொன்னாய். நான் அதை மலைக்கும் அனுப்பிவைத்தேன், எந்த அவசியமும் இல்லாமல்.