மாமா, நீங்கள் களியை விட்டுவிட்டீர்களாமே!

என் பாசத்துக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. ஆனால் போன வாரம்தான் நீங்கள் சௌக்கியமாக இருப்பதாகச் செய்தி வந்தது. காரிமங்கலம் சந்தையில் ஒருத்தர் என்னை நிறுத்தி, "உங்க மாமா தேறிட்டாராமே?" என்று கேட்கிறார். உங்கள் பாடையைத் தூக்கிய ஆள் அவர்! நான் முறைத்த பிறகுதான் அவருக்கு நினைவே வந்தது.

விசயம் இதுதான். ஒரு செய்தி இணையதளத்தில், 'சர்க்கரையை வென்ற தர்மபுரி விவசாயி' என்று உங்கள் படம். வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய கண்ணீர் அஞ்சலிப் படத்தில் மாலையை மட்டும் அழித்திருக்கிறார்கள். ஒரு சாமந்திப்பூ உங்கள் தோளிலேயே நின்றுவிட்டது. ஏதோ மூலிகைப் பொடி குடித்துக் குணமாகி, தினமும் ஓடுகிறீர்களாம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுசன் நீங்கள்.

கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'விளம்பரதாரர் வழங்கியது.' அதை நெற்றியில் எழுதியிருந்தால் தாண்டிப் போயிருப்போம். செய்தி என்றால் ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையையே வாடகைக்கு விடுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம் மாமா?

நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அக்கா தன் சர்க்கரைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியைக் கலக்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். தலைசுற்றி மாட்டுக்கொட்டாயில் விழப்பார்த்தாள்.

"அக்கா, மாமா செத்துட்டாருக்கா."

"எனக்குத் தெரியாதாடா? தாலிய கழட்டுனது யாரு, நீயா?"

"அப்புறம் எப்பிடிப் பொடி குடிச்சாரு?"

"நியூஸ்லயே போட்டிருக்கான், பொய்யா போடுவான்? அதுல அவரு நல்லா ஓடறாருடா. அப்பிடியே இருக்கட்டும், வுடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. அவள் தலைப்பையும் படத்தையும் முதல் நாலு வரியையும்தான் பார்த்திருந்தாள். வேறு வழி தெரியாமல் முழுச் செய்தியையும் சத்தமாகப் படித்தேன். 'ராகிக் களியை அடியோடு விட்டுவிட்டேன், நினைத்தாலே குமட்டுகிறது என்கிறார் இவர்' என்ற இடத்தில் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னது? என் வூட்டுக்காரருக்குக் களி குமட்டுச்சா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே களி கேட்ட மனுசன்டா அவரு! பொய்யி, அத்தனையும் பொய்யி!"

பொடி எருக்குழிக்குப் போனது. மாத்திரை திரும்பி வந்தது. படத்தை எடுக்கச் சொல்லி இணையதளத்துக்கு நான் எழுதினேன். பதிலுக்கு, அந்தப் பொடியை வாங்க எனக்குத் தள்ளுபடி வந்தது.

வருசாந்திர பேனருக்கு வாசகம் அக்காவே சொன்னாள்: 'இவர் இறந்துவிட்டார். எந்தப் பொடியும் குடிக்கவில்லை. கடைசிவரை களிதான் சாப்பிட்டார்.' பேனர் கடைக்காரர் எங்கள் பெயர்களை அடியில் பொடி எழுத்தில் போட்டார். அக்கா விடவில்லை.

"பெருசா போடுங்க. காசு குடுத்துப் போட்டது யாருன்னு பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியணும்."

இப்போது உங்கள் முகத்தைவிட எங்கள் பெயர்தான் பெரிது. கோவித்துக்கொள்ளாதீர்கள்.

அக்காவின் மாத்திரையை இனி நானே எடுத்துக் கொடுப்பேன். உங்களை எவன் எங்கே ஓடவிட்டாலும், பிடித்துக்கொண்டு வந்து களிக்கு முன்னால் உட்கார வைப்பேன். இது சத்தியம் மாமா.

உங்கள் வட்டிலிலேயே கைபோட்டுத் தின்ற,
மச்சினன்