பூபதி ரிக்குக்குப் போன கதை

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் எருமைகளும் சுகம், கனடாப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அர்த்தநாரீசுவரர் துணை. போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் அண்ணன் பூபதி மனநல ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடநாடு போயிருக்கிறான் என்று உங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரே, என்ன மூளை! அவன் வீடு திரும்பிய பிறகும் அந்தப் பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். மாதாமாதம் வீட்டுக்கே வந்து அவனைப் பார்க்கிற நர்ஸ் சித்ராவை இன்சூரன்ஸ்காரப் பெண் என்றார், யார் கண்ணிலும் படாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார வைத்தார். தூக்கம் வருகிறதா, கை நடுங்குகிறதா என்று அந்தப் பெண் கேட்க, எருமைகளும் தலையாட்டின. பூபதியும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, விசேஷ வீடுகளில் மாத்திரையை ஒளித்து ஒளித்துக் கடைசியில் நிறுத்தியே விட்டான். தூக்கம் போயிற்று, தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டான். இப்படியே போனால் மறுபடி வார்டுதான் என்று சித்ரா சொன்னாள். உங்கப்பாவோ அவளை மெதுவாகப் பேசச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மோருக்கு வந்த பக்கத்து வீட்டு வசந்தாமணி பூபதியைப் பார்த்து, ஏஞ்சாமி மறுக்கா எப்ப ரிக்குக்குப் போற என்றாள். நான் ரிக்குக்கே போகலீங்கக்கா, மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தேன், இவங்க நர்ஸுங்க என்று இவன் சொல்லிவிட்டான். அவள் கொஞ்சமும் அசராமல், அது தெரியாதா சாமி, ரிக்குக்குப் போனவன் கறுத்துல்ல வருவான், நீ வெளுத்து வந்தியே, உங்கப்பன் மனசு நோகக் கூடாதுன்னுதான் ஊரே நம்புனமாதிரி இருந்தோம் என்றாள். உங்கப்பா அன்று முழுக்க எருமைக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது சித்ரா வந்தால் கூடத்தில் நாற்காலி. பூபதியும் ஒழுங்காகத் தூங்குகிறான். சாப்பாட்டு வேளை ஆனால் வசந்தாமணி சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து மாத்திர முழுங்குனியா என்று கத்துகிறாள், தெருவுக்கே கேட்கிறது. தொல்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று பூபதி கேட்டான், பொங்கலுக்கு மாப்ள வர்றப்ப மாத்திரைய ஒளிச்சு வெக்கோணுமாம்மா என்று. மாப்பிள்ளையிடம் நீயும் அதே பொய்யைத்தானே சொல்லி வைத்திருக்கிறாய், உன் வீட்டில் மட்டும் அவன் இன்னும் ரிக்கில்தானே இருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தீர்க்காயுசாக இரு, குளிரில் காதைக் கட்டிக்கொள். வருமுன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. வாய் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே அவருக்கு வாசித்துக் காட்டு.

உன் அம்மா
நல்லம்மாள்